இடப்பக்கம் சாய்ந்த படகு

ஊற்றி வைத்த காப்பி கோப்பைக்குள் சாய்ந்து நின்றது. இடப்பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டும், வலப்பக்கம் ஒரு விரல்கடை இறங்கியும். சிக்னே கோப்பையைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். காப்பி மறுபடியும் இடப்பக்கமே ஏறியது.

காற்று இல்லை. காயல் எண்ணெய் ஊற்றியது போல அசைவில்லாமல் கிடந்தது. பவளப்பாருக்கு அந்தப் பக்கம் பெருங்கடல் உடைகிற ஓசை மட்டும், யாரோ ஓயாமல் மணலை வாரிக் கொட்டுவது போல இரைந்துகொண்டிருந்தது. அலை பட்டுச் சாய்கிற படகு உடனே நிமிரும், இது நிமிரவில்லை. கொக்கியில் தொங்கிய மண்ணெண்ணெய் விளக்கு சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. எலுமிச்சம்பழம் ஒன்று மேசையின் குறுக்கே மெல்ல உருண்டு வந்து இடப்பக்கத்துச் சட்டத்தில் முட்டி நின்றது.

பதினோரு வருஷமாக இந்தப் படகு அவளுக்கு வீடு. ஒன்பது மீட்டர் நீள மரப்படகு. அதன் ஒவ்வொரு முனகலும் அவளுக்குத் தெரியும். ஹால்வர் எங்கே உட்கார்ந்தால் எவ்வளவு சாயும், அவள் எங்கே நின்றால் எவ்வளவு நிமிரும் என்பது உள்ளங்காலுக்கே பழகியிருந்தது. இடது ஓரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தால் வருகிற சாய்வு இது. ஆனால் ஹால்வர் விடிந்ததுமே கரைக்குப் போய்விட்டிருந்தான். அவள் நின்றதோ நட்டநடுவில்.

மேலே ஏறிப் பார்த்தாள். இடப்பக்கம் யாரும் இல்லை. பலகை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. இடப்பக்கத்துக் கம்பியில் கட்டியிருந்த மூன்று தண்ணீர்க் கேன்களையும் அவிழ்த்து, ஒவ்வொன்றாக வலப்பக்கத்துக்கு இழுத்துக் கட்டினாள். படகு நிமிர்ந்தது. 'அவ்வளவுதான் விஷயம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீழே இறங்கி, ஆறிப்போன காப்பியைக் குடித்தாள்.

மதியம் பாய்க் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தபோது நூற்கண்டு மடியிலிருந்து நழுவி உருண்டது. இடப்பக்கமாக.

ஹால்வருக்கு இந்த வாழ்க்கை பிடித்திருந்தது. வடகடலோரத்து ஊரில் இருந்த வீட்டை விற்று, இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, இரண்டு தட்டு, இரண்டு கோப்பை, இரண்டு கரண்டியோடு அவளைப் படகில் ஏற்றினான். தேவையில்லாத ஒன்றும் படகில் இருக்கக்கூடாது என்பது அவன் கட்டளை. ரேடியோவும் தேவையில்லாதது. தீவுக்குத் தீவு அவனுக்கு ஆட்கள் இருந்தார்கள். நின்றுபோன மோட்டாரை ஓட வைப்பான்; துருப்பிடித்த தையல் மிஷினைப் பிரித்து மாட்டுவான்; கூலியாக ஒரு மீனுக்கு மேல் வாங்க மாட்டான். அவன் கால் வைத்தால் கரையில் சிரிப்புக் கிளம்பும். அந்த எளிய வாழ்க்கைக்குப் படகில் நீர் இறைத்தவள், பாசி சுரண்டியவள், நனைந்த படுக்கையில் படுத்து எழுந்தவள் சிக்னே. ஒருமுறை அவர்களுடைய மூன்று மாத அரிசியை, புயலில் அடிபட்ட ஒரு தீவுக்கு அவளைக் கேட்காமலே கொடுத்துவிட்டான். தீவே அவனைக் கட்டிப் பிடித்து அழுதது. அந்த மூன்று மாதம் அவள் தேங்காயும் மீனும் தின்று பல் ஆடிப்போய்க் கிடந்தாள். அவளுடைய தங்கை செத்த செய்தி நான்கு மாதம் கழித்து ஒரு கடிதத்தில் வந்தபோது, ஹால்வர் அவள் தோளைத் தட்டி, "கடலைப் பாரு, மனசு லேசாகும்" என்றான். அவள் பார்த்தாள். லேசாகவில்லை.

சாயங்காலத்துக்கு முன்பே தெரேத்தியாவின் தோணி வந்தது. துணைமரம் கட்டிய சின்னத் தோணி. அந்தத் தீவில் அவர்கள் நங்கூரம் போட்டு இரண்டு வாரத்தில் அவள் வராத நாள் இல்லை. முப்பத்தைந்து வயது, அகன்ற தோள், வாய் நிறையப் பேச்சு. பதினோரு வருஷத்தில் தீவுகளின் பேச்சு சிக்னேவுக்கும் நாக்கில் ஏறியிருந்தது.

"என்னக்கா, இன்னிக்கும் எலும்பும் தோலுமாத்தான் நிக்கிறீங்க? அண்ணன் ஊர் மோட்டாரையெல்லாம் ரிப்பேர் பண்றாரு, பொண்டாட்டியைப் பண்ண மாட்டாரா?"

சொல்லிக்கொண்டே தென்னம்பதநீர் பாட்டிலையும் வாழையிலையில் சுற்றிய சுட்ட மீனையும் நீட்டினாள். பிறகு இளநீர்க் காய்களை எடுத்து வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"எதுக்கு மூணு?"

"மூணு பேருக்கு மூணு."

"மூணு பேரா?"

"விருந்தாளி வந்திருக்காங்கல்ல? கரையில இருந்து பாக்கையில அந்த ஓரத்துல ஓர் ஆம்பள உக்காந்திருந்தாரே. காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு." தெரேத்தியா எட்டிப் பார்த்தாள். "அண்ணனோன்னு நெனைச்சேன். ஆனா அண்ணன் அப்போ எங்க மனேபாவுல, ஊர்க்கூடத்துல, மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு."

"யாரும் இல்ல. காயப்போட்ட பாயைப் பாத்திருப்ப."

"அப்படியா? சரி, வெயில்ல கண்ணு மங்கிருச்சுபோல. தூங்கி மூணு வாரமாச்சில்ல." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் புருஷன் தெபுவாய் சூரை மீன் பிடிக்கப் போனவன். அலுமினியப் படகு, பழைய மோட்டார். மாலையில் திரும்ப வேண்டியவன் திரும்பவில்லை. தீவுக்கு எந்தப் படகு வந்தாலும் தெரேத்தியா முதல் ஆளாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போய்க் கேட்பாள். இவர்கள் வந்து நங்கூரம் போட்ட அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள். "வழியில யாரையாவது பாத்தீங்களா? ஒரு சின்னப் படகு?" என்று கேட்டாள். அவளுடைய ஆள் காணாமல் போய் அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"கல்யாணத்தன்னிக்கே பெட்ரோல் தீந்துபோய் லேட்டா வந்த ஆளுக்கா அவன்," என்றாள் இப்போது, தோணியை அவிழ்த்துக்கொண்டே. "எங்கயாச்சும் கரை ஒதுங்கி எவ கையாலயாச்சும் மீன் சுட்டுத் தின்னுக்கிட்டிருப்பான். வரட்டும். துடுப்பாலயே நாலு போடு போடுறேன்."

அவள் போன பிறகு சிக்னே மூன்றாவது இளநீரைக் கடலில் எறிந்தாள்.

மறுநாள் படகு இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஹால்வர் கவனிக்கவில்லை. அவன் காப்பியும் சாய்ந்துதான் நின்றது. அப்படியே குடித்துவிட்டுக் கரைக்குப் போனான். அடியில் ஏதாவது சிக்கியிருக்கலாம், வலையோ மரத்துண்டோ தொங்கிக்கொண்டு இழுக்கலாம் என்று நினைத்தாள் சிக்னே. அந்த நினைப்பு ஆறுதலாக இருந்தது. நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

உச்சி வெயில் காயலின் அடிவரை பாய்ந்து, வெள்ளை மணலில் ஒளி வலைபோல் நெளிந்துகொண்டிருந்தது. நங்கூரச் சங்கிலி சரிந்து போவதும், சின்னஞ்சிறு நீல மீன்கள் சுக்கானைச் சுற்றி மொய்ப்பதும், படகின் நிழல் மணலில் கறுப்பாகப் படிந்திருப்பதும் துல்லியமாகத் தெரிந்தன. படகின் அடிப்புறம் முழுக்கப் பச்சைப் பாசி, வெல்வெட் போல. அங்கங்கே சிப்பிபோல ஒட்டிய கொட்டலசு. வலையும் இல்லை, மரமும் இல்லை. வலப்பக்கம் சுற்றி வந்தாள். இடப்பக்கம் வந்தாள்.

பாசியில் கைகள் இருந்தன.

சுக்கானுக்குப் பக்கத்தில் தொடங்கியது. ஐந்து விரலும் உள்ளங்கையும் அழுந்தி, பாசி உரிந்துபோய், அடியிலிருந்த சிவப்பு வண்ணம் தெரிய ஒரு வலக்கை. அதற்கு ஒரு முழம் முன்னால் இடக்கை. அப்புறம் வலக்கை. நகம் கீறிய கோடுகள் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் தெரிந்தன. மரத்தைப் பற்றிப் பற்றி யாரோ முன்னோக்கி வந்திருக்கிறார்கள். அவசரம் இல்லாமல். தடம் படகின் பாதி நீளம்வரை வந்தது. அங்கே இரண்டு கைகளும் அருகருகே, அகல விரிந்து, அழுத்தமாக.

அந்த இடத்துப் பலகைக்கு மறுபக்கம் அவளுடைய படுக்கை. அவள் தலை வைக்கிற இடம்.

மூச்சு முட்ட மேலே வந்தாள். இருமினாள். ஏணியைப் பிடித்து ஏறும்போதுதான் கவனித்தாள், நீர்மட்டத்துக்கு மேலே, வெள்ளை வண்ணத்தில், உப்புப் பூத்துக் காய்ந்த இன்னொரு கை. மேலே ஏறுகிற கை.

தேங்காய் நாரும் மணலும் வைத்து எல்லாவற்றையும் தேய்த்தாள். விரல் தோல் உரியும்வரை தேய்த்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த ஹால்வர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சொல்லாமலே பாசி சுரண்டுற" என்று சிரித்தான்.

அவளுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

தெற்கிலிருந்து பன்னிரண்டு நாள் பயணம். ஒன்பதாம் நாள் நண்பகல். ஹால்வர் கீழே தூங்கிக்கொண்டிருந்தான். சுக்கான் அவள் கையில். இரண்டு வாரமாக மழை இல்லை. இருந்த தண்ணீர் இரண்டு பேருக்கு அளந்த தண்ணீர். அலைகளுக்கு நடுவே தகரம் மின்னுவது போல ஒரு மினுக்கம். கிட்ட வந்ததும் அது படகாயிற்று. படகில் ஒரு மனிதன் எழுந்து நின்றான். மஞ்சள் சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் தலைக்கு மேல் வீசினான். மெதுவாக. அவசரமாக வீசத் தெம்பில்லாதவன் வீசுவது போல. மோட்டார் சத்தம் இல்லை. தூண்டிலும் இல்லை.

மீன் பிடிக்கிறவன், சும்மா கை காட்டுகிறான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொன்னபோதே அது பொய் என்று தெரிந்தது. நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதும் வரிசையாகத் தெரிந்தது. ஹால்வர் எழுந்து ஓடி வருவான். அவளுடைய படுக்கையை அந்த ஆளுக்குக் கொடுப்பான், அவள் பங்குத் தண்ணீரைக் கொடுப்பான், அவனுடைய தீவு எங்கே என்று கேட்டு எதிர்காற்றில் எத்தனை நாளானாலும் திருப்பி ஓட்டுவான். அவனை இறக்கிவிடும் கரையில் பாட்டும் மாலையுமாக ஹால்வர் நடுவில் உட்கார்ந்திருப்பான். அவள் பின்னால் நின்று பாய்களைக் காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

சுக்கானை அவள் திருப்பவில்லை. அவன் முகம் தெரிகிற தூரத்தில் படகு அவனைக் கடந்தது. அவன் சட்டை வீசுவதை நிறுத்தினான். பிறகு உட்கார்ந்தான். அவ்வளவுதான். கத்தக்கூட இல்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள், இந்தத் தீவில் தெரேத்தியா தோணியைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, சிக்னேவின் வாய் திறந்தது. அதற்குள் ஹால்வர் சொல்லிவிட்டான்: "யாரையும் பாக்கலம்மா. பாத்திருந்தா விட்டுட்டா வந்திருப்பேன்?" தெரேத்தியா அவளைப் பார்த்தாள். சிக்னே தலையை ஆட்டினாள். அப்போதுகூட உயிரோடு இருந்திருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் தீவின் படகெல்லாம் கிளம்பியிருக்கும்.

அடுத்த மூன்று நாளில் சாய்வு கூடிக்கொண்டே போனது. இடப்பக்கப் பலகையில், கைப்பிடிக் கம்பிக்கு உள்ளே, ஒரு ஈரத் திட்டு. துடைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் மறுபடி ஊறியது. அதைச் சுற்றி ஒரு வாடை: காய்ந்த உப்பு, பழைய பெட்ரோல், வெயிலில் கிடந்த தோல். படுக்கையில் படுத்தால் பலகைக்கு மறுபக்கம் ஓர் ஓசை. தட்டுகிற ஓசை இல்லை. ஒட்டிக்கொண்ட நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரிக்கிற ஓசை. சப். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. சப்.

நான்காம் நாள் காலை ஹால்வர் தண்ணீர்த் தொட்டிக்குள் கோலை விட்டுப் பார்த்தான்.

"நீ தலைக்குக் குளிச்சியா?"

"இல்ல."

"அப்ப ஏன் இப்படி இறங்கியிருக்கு? ரெண்டு பேர் குடிக்கிற தண்ணியா இது? எத்தனை தடவை சொல்றது சிக்னே, நாம வாழுற வாழ்க்கைக்கு ஒரு ஒழுங்கு..."

"அவரு குடிக்கிறாரு," என்றாள் அவள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மினுக்கம். மஞ்சள் சட்டை. உட்கார்ந்தது. கைகள். சொல்லச் சொல்ல அவள் குரல் யாருடைய குரலோ போல ஒலித்தது. ஹால்வர் கோலைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். கோலின் நுனியிலிருந்து ஈரம் சொட்டியது.

"எவ்வளவு தூரத்துல?"

"கூப்பிட்டா கேக்குற தூரம்."

"என்னை எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பினா நீ நிறுத்தியிருப்ப."

அவன் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. அவள் அடியை எதிர்பார்த்தாள், அழுகையை எதிர்பார்த்தாள். அவன் ஓடிப்போய்க் கரையில் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். உண்மையில் அதற்காகத்தான் அவனிடம் சொன்னாள். அவன் கோலைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினான்.

"யார்கிட்டயும் சொல்லிடாத."

"ஹால்வர்?"

"இந்தத் தீவுகள்ல எல்லாருக்கும் என்னைத் தெரியும்."

நம்மை என்று சொல்லவில்லை. என்னை என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவனை முழுதாகப் பார்த்துவிட்டது போல இருந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"நாளைக்கு ஓதம் ஏறும்போது கெளம்பிடலாம்," என்றான். "மோட்டாரை முடிச்சுக் குடுத்துட்டு வந்துடுறேன். வாக்குக் குடுத்துட்டேன். மத்ததெல்லாம் வெயில், சிக்னே. மனசு பண்ற வேலை. ஒண்ணும் கெடையாது."

அவன் மேலே ஏறினான். ஏறி, சிற்றோடத்தில் இறங்க இடப்பக்கமாக நடந்தவன், ஈரத் திட்டு இருந்த இடத்துக்கு வந்ததும் ஒதுங்கினான். கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவரை மிதித்துவிடாமல் சுற்றிப் போகிறவன் போல, உடம்பைத் திருப்பி, கம்பியைப் பிடித்து, எட்டி வைத்து. அப்படிப் போனதை அவனே அறியவில்லை. துடுப்புப் போட்டுக்கொண்டு போகும்போது விசிலடித்தான்.

அவர்கள் கிளம்புகிற செய்தி ஹால்வர் வாயாலேயே கரையில் பரவியிருக்க வேண்டும். மதியம் தெரேத்தியா வந்தாள். புதுசாக முடைந்த பாய், காயவைத்த மீன், இரண்டு பாட்டில் பதநீர், குடிக்க ஒரு கொட்டாங்கச்சி.

"சொல்லாம கொள்ளாம கெளம்புறீங்களாமே! எங்க ஊர் மீனு அதுக்குள்ள சலிச்சிருச்சா? இந்தப் பாயைப் போட்டுப் படுங்க, முதுகு வலிக்காது. அப்புறம், வழியில..." குரல் தணிந்தது. "வழியில பாத்தீங்கன்னா..."

"பாத்தேன்," என்றாள் சிக்னே.

தெரேத்தியா பாயைத் தோணியிலேயே போட்டாள்.

"வரும்போதே பாத்தேன். இங்க வந்து சேர்றதுக்கு மூணு நாள் முந்தி. நிறுத்தல."

தெரேத்தியா தோணியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை படகின் ஓரத்தைப் பிடித்திருந்தது. அந்தக் கையின் விரல்கள் மட்டும் மெல்ல வெளுத்தன.

"என்ன சட்டை போட்டிருந்தான்?"

"மஞ்சள். கழட்டி வீசினாரு."

"நின்னானா, உக்காந்திருந்தானா?"

"மொதல்ல நின்னாரு."

"உங்களைப் பாத்தானா?"

"பாத்தாரு."

தெரேத்தியா அடிக்கவில்லை. பாட்டிலையும் கொட்டாங்கச்சியையும் எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள். சிக்னேவைத் தாண்டி நேரே இடது ஓரத்துக்குப் போனாள். ஈரத் திட்டுக்கு ஒரு சாண் தள்ளி, பக்கத்தில் ஆள் இருந்தால் எப்படி ஒடுங்கி உட்கார்வார்களோ அப்படி உட்கார்ந்தாள். படகு அவளுக்காக இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"எத்தனை நாளா இங்கயே உக்காந்திருக்க?" என்றாள். திட்டுகிற குரல். வீட்டில் லேட்டாக வருகிற புருஷனிடம் பேசுகிற குரல். "நான் தெனமும் வந்து போறேன், ஒரு வார்த்தை கூப்பிட மாட்டியா?"

கொட்டாங்கச்சியில் பதநீரை ஊற்றினாள். முகத்தின் உயரத்துக்குத் தூக்கினாள். சாய்த்தாள்.

சிக்னே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்த பலகை. சொட்டு விழுந்தால் கறுக்கும். கொட்டாங்கச்சி சாய்ந்தது. மேலும் சாய்ந்தது. கவிழ்ந்தது. பலகை வெளுப்பாகவே இருந்தது. ஒரு சொட்டும் விழவில்லை. தொண்டை இறங்கும் ஓசை கேட்டது. களக். களக். களக்.

தெரேத்தியா மறுபடி ஊற்றினாள். மறுபடி கவிழ்ந்தது. கண்ணீர் அவள் மோவாயிலிருந்து சொட்டியது. அந்தச் சொட்டுகள் பலகையில் விழுந்து கறுத்தன. இரண்டு பாட்டிலும் தீர்ந்தன.

"போதும். வா, வீட்டுக்குப் போலாம்."

தோணியில் இறங்கி, நடுப்பலகையைத் துடைத்து, இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தோணி அமிழவில்லை. படகு நிமிரவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பிறகு முதல்முறையாக நிமிர்ந்து சிக்னேவைப் பார்த்தாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"வரமாட்டேங்கிறான்."

"கூப்பிடு தெரேத்தியா. இன்னொரு தடவை கூப்பிடு."

"நான் சொல்லி அவன் என்னிக்குக் கேட்டிருக்கான்?" அவள் துடுப்பை எடுத்தாள். "உங்களையேதான் பாத்துக்கிட்டிருக்கான்."

"போகாத. தெரேத்தியா, என்னையும் ஏத்திக்க. போகாத!"

தோணி விலகியது. பாதித் தூரம் போனதும் தெரேத்தியா அழத் தொடங்கினாள். குரல் தண்ணீர் மேல் நீளமாகப் பரவி வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில். அசைவில்லாத காயல்.

சப்.

சிக்னே திரும்பினாள். இடது ஓரத்தில் கொட்டாங்கச்சி காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் ஈரத் திட்டு அகன்றிருந்தது.

சப். சப்.

வலப்பக்கக் கம்பியிலிருந்து ஒரு கேனை அவிழ்த்தாள். சாய்ந்த தளத்தில் சரிந்தபடி இழுத்து வந்தாள். இடது கையில் கொட்டாங்கச்சியைப் பிடித்து, வலது கையால் கேனைச் சரித்து ஊற்றினாள். எந்த உயரம் என்று தெரியவில்லை. தூக்கினாள். கையில் ஏதோ தட்டியது. உதடு. காய்ந்த மீன்செதில் போல, வெடித்து, சொரசொரப்பாக. அவள் விரல்களை உரசிக்கொண்டு கொட்டாங்கச்சியின் விளிம்பைக் கவ்வியது. தண்ணீர் போனது.

"மன்னிச்சிடுங்க," என்றாள். "மன்னிச்சிடுங்க."

களக். களக்.

மறுபடி ஊற்றினாள். மறுபடி போனது. மூன்றாவது முறை ஊற்றும்போது அவளுடைய இடது மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள் மூடின. சில்லென்று இல்லை. கொதித்தன. வெயிலில் கிடந்த தகரம் போல. இழுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். கரையில் மோட்டார் இருமியது, பிறகு படபடவென்று பிடித்துக்கொண்டது. கைதட்டல் கேட்டது. கும்பலாகச் சிரிப்புக் கிளம்பியது, எல்லாவற்றுக்கும் மேலாக ஹால்வரின் சிரிப்பு. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மோட்டார் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

கேன் லேசானது. கவிழ்த்து உதறினாள். கடைசிச் சொட்டும் பலகையில் விழாமலே போனது.

மற்ற இரண்டு கேன்களும் வலப்பக்கக் கம்பியில், இரண்டு எட்டுத் தள்ளி. கால் நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் நீட்டினாள்.

மணிக்கட்டில் பிடி தளரவில்லை. கொட்டாங்கச்சி கையிலிருந்து நழுவி விழுந்து உருண்டது. வெறுங்கை மட்டும் அந்தரத்தில் நின்றது. மெல்ல, அவசரம் இல்லாமல், அந்தக் கை மேலே இழுபட்டது. உள்மணிக்கட்டு வெயிலைப் பார்க்கத் திரும்பியது. மெல்லிய தோலுக்கு அடியில் நீல நரம்புகள் துடித்தன. அவற்றின்மேல் உலர்ந்த உதடுகள் வந்து பொருந்தின.